கார்டு இல்லாமல் ஓடிய போர்டு

நம் பட்டறையிலிருந்து போகிற போர்டுகள் பொய் சொல்கின்றன. அவற்றைப் பொய் சொல்ல வைத்தது உங்களில் ஒருவர். யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

பட்டறையை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற கிழவன் எதற்கு இப்போது கத்துகிறான் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு என் முகமே தெரியாது. நம் புரோகிராமில் நாலு வரி இருந்தது என்பதும், அது ஏன் இருந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரிந்தே அந்த நாலு வரியை எடுத்தவருக்குக் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

போர்டு என்று நாம் சொல்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு எல்சிடி திரை, அதற்குப் பின்னால் மூளையாக விரல் நீளத்துக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர், பக்கவாட்டில் ஒரு மெமரி கார்டு. கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் அடித்து, கார்டில் போட்டு, கார்டைப் பெட்டியில் சொருகுவார். பெட்டி அதைப் படித்துப் பக்கம் பக்கமாகக் காட்டும். இவ்வளவுதான். மில்லுக்கு ஷிப்டு விவரம், மண்டபத்துக்கு மணமக்கள் பெயர், பூ மார்க்கெட்டுக்கு விலை. தமிழ் எழுத்தைத் திரையில் ஒழுங்காக வரவைக்க என் பார்ட்னர் முருகேசன் பட்ட பாடு தனிக் கதை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் அடுத்த வரியில் என்று ஆறு மாதம் திரையில் எறும்பு ஊர்ந்தது. புரோகிராம் அவன் வேலை. வயரிங், பெட்டி, பொருத்துவது எல்லாம் என் வேலை. ஒருவர் வேலையில் ஒருவர் தலையிட மாட்டோம். அதில் பெருமை வேறு.

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் வருகிற ரோட்டில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். சுற்றிலும் மல்லிகைத் தோட்டங்கள். விடியுமுன் பூ எடுக்கப் போகிறவர்கள் செடிக்குள் கையைவிட்டு, காலைவிட்டு, பாம்பு கடித்து வருவது அங்கே வாடிக்கை. பாம்புக்கடி மருந்து அந்த ஆஸ்பத்திரியில் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. இல்லாத நாளில் வந்து இறங்கி, சீட்டு வாங்கி, உட்கார்ந்து, அப்புறம் இல்லையென்று தெரிந்து திண்டுக்கல்லுக்கு ஓடுவதற்குள் ஆள் மோசமாகிவிடுகிறார். அதனால் கேட்டிலேயே, ரோட்டைப் பார்த்து ஒரு போர்டு வேண்டும் என்று அந்தக் கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள். இன்றைக்கு எந்த டாக்டர், ஆம்புலன்ஸ் இருக்கிறதா, பாம்புக்கடி மருந்து இருக்கிறதா. மூன்று பக்கம். வண்டியை நிறுத்தாமலே படித்துவிட்டு, உள்ளே திருப்புவதா நேரே போவதா என்று முடிவு செய்துகொள்ளலாம். நல்ல யோசனை. இன்றைக்கும் நல்ல யோசனை என்றுதான் சொல்வேன்.

திறப்பு விழா அன்று பெரிய மனிதர் ஒருவர் வந்து பொத்தானை அமுக்கினார். திரையில் ‘கார்டு இல்லை’ என்று வந்தது. கார்டு ஆஸ்பத்திரி மேனேஜரின் சட்டைப் பையில் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், பெரிய மனிதரும் சிரித்தார், மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் முருகேசனுக்குப் போன் போட்டார். என்ன ஆனாலும் இந்த மாதிரி அசிங்கமாக ஒன்று வரக்கூடாது, போர்டில் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். முருகேசன் போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். கார்டைப் படிக்க முடியவில்லை என்றால் கடைசியாகப் படித்ததையே திரும்பத் திரும்பக் காட்டு. ஒரு சின்ன மாற்றம். எனக்குச் சொல்லவும் இல்லை. இதையெல்லாம் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருஷ ஆயுத பூஜை வந்தது. நம் ஊரில் ஆயுத பூஜைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேத்துக்குப் பொட்டு, தறிக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு. பட்டறைக்கு முன்னால் நான் மில்லில் வேலை பார்க்கும்போது என் மல்டிமீட்டரை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பொட்டும் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். “பாய், கோவிச்சுக்கிறாதீங்க” என்பார்கள். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. சோறு போடுகிற சாமானுக்கு மரியாதை செய்கிறார்கள். நான் அந்தப் பொட்டைத் துடைத்ததே இல்லை, தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் செல்வி என்று ஒரு நர்ஸ். மருந்து அறையும் அவர் பொறுப்பு, போர்டுக்கு ஃபைல் அடிப்பதும் அவர் பொறுப்பு. பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்து வைத்தார். போர்டைக் கழற்ற முடியாது. அதன் உயிர் கார்டில்தானே இருக்கிறது என்று கார்டை உருவி, இரண்டு பக்கமும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்தில் தட்டில் வைத்துவிட்டார். தப்பா? நம் ஊரில் யாரும் செய்கிற காரியம்தான். அதை எதிர்பாராமல் பெட்டி செய்தவன்தான் முட்டாள்.

அன்று ராத்திரி முழுக்கக் கார்டு பூஜைத் தட்டில். போர்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் அதைப் பார்த்து, கார்டே இல்லாமல் ஓடுகிறது பார், நல்ல சாமான் என்று பாராட்டியிருக்கிறார். அதே சாயங்காலம் ஒரு விவசாயியைப் பாம்பு கடித்துக் கொண்டுவந்து, இருந்த மருந்து முழுவதும் அவருக்கு ஏற்றித் தீர்ந்துவிட்டது. காலையில் செல்வி முதல் வேலையாக ஃபைலில் ‘இல்லை’ என்று மாற்றினார். கார்டின் பின்பக்கச் சந்தனத்தை முந்தானையில் துடைத்துவிட்டு ஃபைலை ஏற்றினார், கொண்டுபோய்ப் போர்டில் சொருகினார். கம்ப்யூட்டர் எப்படியோ படித்துவிட்டது. போர்டின் சொருகும் இடத்தில் காய்ந்த சந்தனம் மாட்டிக்கொண்டு படிக்கவில்லை. பெட்டி சுவருக்கு உள்பக்கம், திரை ரோட்டுப் பக்கம். செல்வி கேட்டுக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்தார். டாக்டர் பெயர் ஓடியது. சரியென்று, மருந்துப் பக்கம் வருமுன்பே உள்ளே போய்விட்டார்.

திரை ஒரு ஓரம் மங்குகிறது என்று சொல்லியிருந்ததால் நான் அன்று காலை அங்கே போயிருந்தேன். மேனேஜர் வரட்டும் என்று எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பூ ஏற்றிக்கொண்டு ஒரு மினி வேன் வேகமாக வந்தது. கேட்டைத் தாண்டி நேரே போனது, பிரேக் அடித்து நின்றது, பின்னால் வந்து உள்ளே திரும்பியது. அதை நான் பார்த்தேன். போர்டு வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன்.

வேனில் இருந்தது கருப்பையாவும் அவர் மனைவி பாண்டியம்மாளும். பாண்டியம்மாளைப் பூ எடுக்கும்போது விரியன் கடித்திருந்தது. நான் உள்ளே போனபோது சத்தம் ஆரம்பித்துவிட்டது. செல்வி மருந்து இல்லை என்கிறார், திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொல்கிறார். டாக்டர் இன்னும் வரவில்லை, ஆம்புலன்சும் வெளியே போயிருக்கிறது. கருப்பையா நகரவில்லை.

“போர்டுல இருக்குன்னு போட்டிருக்கு. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுத்தானே வண்டியத் திருப்பச் சொன்னேன்.”

“நேத்தே தீந்துபோச்சுண்ணே. செத்த நேரம்கூட நிக்காதீங்க, கெளம்புங்க.”

“யாருக்கு எடுத்து வச்சிருக்கீங்க? நாங்க கேட்டா இல்ல, கார்ல வந்து எறங்குனா இருக்குமோ?”

செல்வி ஃபிரிட்ஜைத் திறந்தே காட்டினார். கருப்பையா, இன்னொரு ஃபிரிட்ஜ் இருக்கும் என்றார். சுற்றி நின்றவர்களும் அவர் பக்கம்தான். பின்னே? நர்ஸ் வாயால் சொல்கிறார், போர்டு எழுத்தில் சொல்கிறது. வாய் மாறும், எழுத்து மாறாது என்றுதான் சனம் நம்புகிறது. ஒருவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆமாய்யா இப்பவும் இருக்குன்னுதான் ஓடுது என்று சாட்சி சொன்னார். கருப்பையா வாசற்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மருந்து கொடுக்காமல் எழுந்திருக்க மாட்டாராம்.

வேனில் பூ மூட்டைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்த பாண்டியம்மாள் அங்கிருந்தே சொன்னார்: “ஏய்யா, அந்த மருந்த ஒளிச்சு வச்சு ஊறுகாயா போடப் போறாக? வாய்யா, போவோம். காலு கல்லாட்டம் கனக்குது.”

கணுக்காலுக்கு மேலே வீங்கி ஏறிக்கொண்டிருந்தது. அவர் குரலில் இருந்த கிண்டலைக் கேட்டு, ஆள் தெம்பாக இருக்கிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் நினைத்தேன். அப்போதுதான் அவர் பக்கத்தில் துப்பினார். எச்சிலில் ரத்தம் இருந்தது.

நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். கார்டை உருவினேன், சந்தனத்தைப் பார்த்தேன், நடந்தது புரிந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்தேன். துடைத்துச் சொருகினால் ஒரு நிமிஷத்தில் போர்டு ‘இல்லை’ என்று சரியாகக் காட்டும். நம் தொழிலில் உள்ள எவன் கையும் அங்கே அதைத்தான் செய்யும். கோளாறைக் கண்டால் சரி செய்யத் துடிக்கிற கை இது.

இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். கார்டைப் பெட்டியின் வாய்க்குள் பாதி சொருகிவிட்டேன். அப்போது ஒன்று உறைத்தது. நான் இதைச் சரி செய்தால் என்ன ஆகும்? இவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொன்ன போர்டு, கருப்பையா சண்டை போட்டபிறகு இல்லை என்று சொல்லும். அவர் என்ன நினைப்பார்? பார்த்தாயா, நான் கேட்டதும் மாற்றிவிட்டான் என்பார். அதற்கப்புறம் அந்த மனுஷனைக் கிரேன் வைத்துத் தூக்கினாலும் எழுந்திருக்க மாட்டார். கரண்டைப் பிடுங்கி அணைத்தாலும் அதே கதைதான், மறைக்கிறார்கள் என்றாகும். அந்த நேரத்தில் பழுதாகிக் கிடந்தது போர்டு மட்டும் அல்ல. அந்த ஆள் மனசில் எது நிஜம் என்கிற கணக்கே பழுதாகிவிட்டது. பெட்டியைச் சரி செய்தால் அது இன்னும் மோசமாகும்.

கார்டை உருவிக்கொண்டு வாசலுக்குப் போனேன். கருப்பையாவின் கையைப் பிடித்து இழுத்தேன். முதலில் அடிக்க வந்தார். வாங்க, போர்டைக் காட்டுகிறேன் என்றதும் எழுந்து வந்தார், அவருடைய சாட்சியே அதுதானே. கேட்டுக்கு வெளியே நிறுத்தி, கார்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“இந்தப் பொட்டிய செஞ்சவன் நான். இந்தச் சில்லுலதான் எல்லாம் எழுதியிருக்கும். இதப் பாத்துத்தான் அது சொல்லணும். இப்ப இது உங்க கையில இருக்கு. அங்க பாருங்க.”

திரையில் டாக்டர் பெயர் போனது, ஆம்புலன்ஸ் போனது, பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்று வந்தது. அவர் கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் ஒரு சுற்று ஓடியது.

“அது எதையும் பாக்காம சொல்லுதுண்ணே. நேத்துப் படிச்சத இன்னும் ஒப்பிச்சுக்கிட்டு இருக்கு. அந்தப் புள்ள சொல்றதுதான் நெசம்.”

கருப்பையா கார்டைக் கீழே போட்டார். வேனில் ஏறினார். டிரைவர் பூ மூட்டைகளைத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வழியெல்லாம் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பாண்டியம்மாள்தான் பாதி மயக்கத்தில், மூட்டையை மிதிக்காதீக, பூவு நசுங்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பிழைத்துக்கொண்டார். லேசில் இல்லை. சிறுநீரகம் அடிபட்டு, மெஷினில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து, குதிகாலில் சதை அழுகி, வெட்டி, ஆறி, காலூன்ற ரொம்ப நாள் ஆனது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அங்கே டாக்டர் கேட்டார். அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். வாசற்படியில் போனது. அதைத் தின்றது நம் போர்டு.

முருகேசனிடம் வந்து சொன்னேன். கத்தினேன் என்பதே சரி. மேனேஜர் கேட்டார் பாய் என்றான். மேனேஜர் கேட்டால் செய்துவிடுவாயா என்றேன். இரண்டு நாள் பட்டறைக்கு வரவில்லை. பாண்டியம்மாளைப் பார்க்கப் போன செல்வி பின்னால் சொல்லித்தான் தெரியும், அந்த இரண்டு நாளும் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் கருப்பையாவோடு உட்கார்ந்திருக்கிறான். தான் யார் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறான். அந்த விஷயத்தில் அவன் மனுஷன்.

கருப்பையா பிறகு ஒருநாள் பட்டறைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். மேஜைமேல் பிரித்துப் போட்டிருந்த திரைகளைக் காட்டி இதைச் சொன்னார்:

“பாய், அன்னைக்கு அந்தப் பொட்டி ஒண்ணுமே காட்டாம கெடந்திருந்தா நான் நேரா போயிருப்பேன். வேன் போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. அம்புட்டுத்தான்.”

முருகேசன் அவர் முன்னாலேயே உட்கார்ந்து எழுதினான் அந்த நாலு வரியை. ஒவ்வொரு பக்கத்தையும் காட்டுமுன் கார்டைப் புதிதாகப் படி. படிக்க முடியவில்லை என்றால் நினைவில் இருப்பதை அழி. திரையைக் காலி செய். ‘உள்ளே கேளுங்கள்’ என்று மட்டும் காட்டு. அதன்பிறகு பட்டறையிலிருந்து எந்த போர்டு போனாலும், மண்டபத்துக்குப் போகிற போர்டே ஆனாலும், ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டை உருவிப் பார்க்காமல் நான் பெட்டியை மூடவிட்டதில்லை. எத்தனையோ மேனேஜர்கள் முகம் சுளித்தார்கள். காலித் திரையைப் பார்த்தால் பழுதான சாமானை விற்றமாதிரி இருக்கிறது என்றார்கள். ஆமாம், பழுதாகும்போது பழுது என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் என்றேன். சிலர் வேறு ஆளிடம் போனார்கள். போகட்டும்.

புதிய பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்சிடி திரைக்கு வெட்கம் கிடையாது. பின்னால் மூளை நின்றுபோனாலும், கார்டு கழன்று விழுந்தாலும், கடைசியாகக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு பளிச்சென்று நிற்கும். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. நாம்தான் அதற்கு வாயை மூடக் கற்றுக்கொடுக்க வேண்டும். காட்டுவதற்கு எழுதுகிற புரோகிராம் சுலபம். எப்போது காட்டக்கூடாது என்பதை யோசித்து எழுதுகிற இடத்தில்தான் நீங்கள் சம்பளம் வாங்குகிறீர்கள். வாடிக்கையாளர் திரையில் நல்லதாக ஏதாவது ஓட வேண்டும் என்று கேட்பார், அவர் கேட்பது நியாயம், அவர் கேட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் வேனில் வருகிற ஆளின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். அந்த ஆள் நமக்கு ஆர்டர் கொடுக்கப்போவதில்லை. ஆனால் நம் எழுத்தை நம்பி வண்டியைத் திருப்புகிறவர் அவர்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சர்க்கரை பார்க்க வடமதுரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் நம் போர்டு. நம் ஸ்டிக்கர். டாக்டர், ஆம்புலன்ஸ், பாம்புக்கடி மருந்து, அதே மூன்று பக்கம். பழக்கதோஷம், அங்கிருந்த பெண்ணிடம் கேட்டுக் கார்டை உருவச் சொன்னேன். திரை அசையவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. நல்லா ஓடுது சார் என்று அந்தப் பெண் என்னைச் சமாதானப்படுத்தினார்.

அங்கிருந்தே பட்டறைக்குப் போன் போட்டேன். பேசின தம்பி மரியாதையாகத்தான் பேசினார். கஸ்டமர் கேட்டாங்க பாய், எல்லா போர்டுக்கும் சேர்த்து மாத்திட்டோம் என்றார். எந்தக் கஸ்டமர் என்றேன், நிறையப் பேர் என்றார். யார் மாற்றியது என்றேன், எல்லாரும் பேசித்தான் என்றார். எல்லாரும் என்று ஒரு ஆள் கிடையாது தம்பி. ஒரு கைதான் அந்த நாலு வரியை அழித்திருக்கும்.

வடமதுரை போர்டை அணைக்கச் சொல்லிவிட்டேன், அணைத்துவிட்டார்கள். மற்றவை எங்கெங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத்தான் தெரியும். இதைப் படித்து முடித்ததும் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். அப்புறம் மற்றதைப் பேசலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். திண்டுக்கல் முழுக்க இந்தத் தொழில் செய்கிறவர்கள் வருவார்கள். அந்த வரிகளை எடுத்தவர் அங்கே எழுந்து நிற்க வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். மருந்து இல்லாதபோது இருக்கிறது என்று காட்டுகிற போர்டை யாருக்காகச் செய்தீர்கள் என்பதற்கு எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்ல வேண்டும். தனியாக வீட்டுக்கு வந்து என் காலில் விழுகிற வேலை வேண்டாம், போனில் மன்னிப்பும் வேண்டாம்.

பாண்டியம்மாளைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். வாரேன்னு சொல்லிவிட்டார். முன் வரிசையில் உட்காருவார். பதிலை என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாம், அவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.